முப்பது அடிப் படகு இரண்டு: எதை வாங்குவது?

அமெரிக்கக் கிழக்குக் கரையில், செசபீக் விரிகுடாவை ஒட்டிய ஊர்களில் பழைய பாய்மரப் படகு தேடத் தொடங்கினால் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப எதிர்ப்படும்: ஆல்பெர்க் 30, கேட்டலினா 30. முதலாவதை வரைந்தவர் ஸ்வீடனில் பிறந்த கார்ல் ஆல்பெர்க். கனடாவின் ஒன்டாரியோவில் விட்பி படகுப் பட்டறை அதை 1962 முதல் 1980கள் வரை கட்டியது. 700க்கு மேல் வெளிவந்தன. இரண்டாவது கலிஃபோர்னியாவில் ஃபிராங்க் பட்லர் நடத்திய கேட்டலினா நிறுவனத்தின் படகு. 1970களின் நடுவில் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டினார்கள். எண்ணிக்கை 6,000ஐத் தாண்டும்.

இரண்டிலும் குடும்பத்தோடு இரவு தங்கலாம், சமைக்கலாம், வாரக்கணக்கில் கரையோரமாகச் சுற்றிவரலாம். பழையவற்றின் விலையும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். எது சிறந்தது என்று துறையில் நின்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். அந்தச் சண்டையில் கலந்துகொள்ள வேண்டாம். நீங்கள் வாங்கப்போவது ஒரு மாடலை இல்லை. முப்பது, நாற்பது, ஐம்பது வருடம் யார் யாரோ வைத்திருந்த ஒரு குறிப்பிட்ட படகை. கீழே உள்ள குறிப்புகள் அதை மனதில் வைத்து எழுதியவை. வேறு இரண்டு படகுகளுக்கு நடுவே நிற்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. விளம்பரத்தில் உள்ள நீளத்தை முதலில் அடித்துவிடுங்கள். அதற்குப் பதிலாக நான்கு அளவுகளை ஒரு தாளில் எழுதுங்கள்: நீர்க்கோட்டில் நீளம், அகலம், நீருக்குள் இறங்கும் ஆழம், எடை. ஆல்பெர்க் மொத்தம் 30 அடி 3 அங்குலம். ஆனால் தண்ணீரைத் தொடும் நீளம் 21 அடி 8 அங்குலம்தான். மீதி, முன்னும் பின்னும் நீண்டு வளைந்து தண்ணீருக்கு மேலே நிற்கும் அழகுக்குப் போன நீளம். அகலம் 8 அடி 9 அங்குலம், ஆழம் 4 அடி 3 அங்குலம், எடை 9,000 பவுண்டு, அதாவது சுமார் 4,080 கிலோ. கேட்டலினா மொத்தம் 29 அடி 11 அங்குலம், நீர்க்கோட்டில் 25 அடி, அகலம் 10 அடி 10 அங்குலம், ஆழம் 5 அடி 3 அங்குலம், எடை 10,200 பவுண்டு, சுமார் 4,630 கிலோ. மொத்த நீளத்தில் நான்கு அங்குல வித்தியாசம். அகலத்திலோ இரண்டு அடிக்கு மேல். உள்ளே போய் நின்றால் ஒன்று தாழ்வாரம், மற்றது கூடம்.

2. படகை நிறுத்தும் இடத்துக்கான வாடகையை அடிக்கணக்கில்தான் வாங்குவார்கள். ஆகவே மாத வாடகையில் இரண்டுக்கும் வித்தியாசம் இராது. ஆனால் குறுகலான இடமாக இருந்தால் கேட்டலினா உள்ளே நுழையாமல் போகலாம். இடத்தை அளந்த பிறகு படகைப் பாருங்கள்.

3. எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று பொய் சொல்லாமல் எழுதுங்கள். படகு வாங்குகிறவர் எல்லோருக்கும் மனதில் கரீபியன் தீவுகள் இருக்கும். நாட்காட்டியில் சனி, ஞாயிறு மட்டும் இருக்கும். செசபீக் சுமார் 200 மைல் நீளமுள்ள விரிகுடா. சராசரி ஆழமோ ஏறத்தாழ 21 அடிதான். நங்கூரம் போட ஆசைப்படும் சிற்றோடைகளுக்குள் அதுவும் இருக்காது. அங்கே ஒரு அடி ஆழ வித்தியாசம் பெரிய விஷயம். நல்லவேளையாக அடியில் பெரும்பாலும் சேறு. தட்டினால் அவமானம்தான், சேதம் குறைவு. கேட்டலினாவில் கீல், அதாவது படகின் அடியில் கனத்தோடு தொங்கும் பகுதி, ஆழம் குறைந்த வகையும் உண்டு. விற்பனைக்கு இருப்பது எது என்று கேளுங்கள். தரகர் எழுதியதை நம்பாமல், கரையேற்றும்போது நாடா பிடித்து அளந்துவிடுங்கள்.

4. ஜூலை, ஆகஸ்டில் செசபீக்கில் காற்று பல நாள் செத்துக் கிடக்கும். பிற்பகலில் திடீரென்று இடியுடன் புயல்மழை அடித்துவிட்டுப் போகும். காற்று இல்லாத மணிநேரங்கள்தான் அதிகம். அதனால் மென்காற்றில் எது நகரும், எதில் இன்ஜின் நம்பகமானது என்ற இரண்டு கேள்விகளும் புயலில் எது தாங்கும் என்பதைவிட உங்களுக்கு அதிகம் உதவும்.

5. வேகத்தைக் கணக்குப் போட ஒரு எளிய வழி உண்டு. நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்குங்கள், தண்ணீரை இடம் தள்ளிக்கொண்டு போகும் படகின் உச்ச வேகம் ஏறக்குறைய அத்தனை நாட். கேட்டலினாவுக்கு 6.7, ஆல்பெர்க்குக்கு 6.2. ஆல்பெர்க் காற்றில் சாயும்போது, மேலே நிற்கும் முனைகளும் தண்ணீரில் படுவதால் நீர்க்கோடு நீண்டு, காகிதக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதலாக ஓடும். இந்த அரை நாட் வேகத்துக்காக ஒரு படகைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

6. கவிழும் அபாயம் பற்றி ஒரு எண் புழக்கத்தில் இருக்கிறது. 1979இல் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தின்போது ஐரிஷ் கடலுக்குத் தெற்கே புயல் அடித்து 15 பந்தய மாலுமிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு நடந்த அமெரிக்க ஆய்வில் பிறந்த கணக்கு இது: படகின் எடையை பவுண்டில் எடுத்து 64ஆல் வகுத்து, கனமூலம் கண்டு, அகலத்தை அதனால் வகுக்க வேண்டும். விடை 2ஐத் தாண்டாமல் இருந்தால் திறந்த கடலுக்குப் பரவாயில்லை என்பார்கள். ஆல்பெர்க்குக்கு சுமார் 1.7 வரும். கேட்டலினா சரியாகக் கோட்டின் மேல் நிற்கும், 2.0. இதை வைத்துக் கேட்டலினாவை ஒதுக்குகிறவர்கள் உண்டு. இந்தக் கணக்கில் அகலமும் எடையும் மட்டுமே வருகின்றன. அடியெடை எங்கே தொங்குகிறது என்பது வரவே இல்லை. விரிகுடாவுக்குள் இருக்கப்போகிறவர் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். பெர்முடா போக நினைப்பவர் கெட்டால் நல்லது.

7. ஆல்பெர்க் சீக்கிரம் சாயும். ஓரளவு சாய்ந்ததும் அங்கேயே உறுதியாக நிற்கும். பழகியவர்களுக்கு அது பிடிக்கும். முதல்முறை வரும் மாமியாருக்குப் பிடிக்காது. கேட்டலினா அகலத்தால் நிமிர்ந்து ஓடும். காற்று மிஞ்சினால் சுக்கான் கனத்து, படகு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். நேரத்தோடு பாயைச் சுருக்கினால் அடங்கிவிடும். வீட்டில் யாரெல்லாம் வரப்போகிறார்களோ அவர்களை வெள்ளோட்டத்துக்கு அழைத்துப்போங்கள்.

8. கீலைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். கேட்டலினாவின் ஈயக் கீல் தனி. நீண்ட போல்ட்டுகளால் படகோடு முடுக்கப்பட்டது. கீலும் உடலும் சேரும் இடத்தின் முன்முனையில் புன்னகை போல ஒரு விரிசல் ஓடும். பல படகுகளில் இருக்கும். அதற்கு 'கேட்டலினா புன்னகை' என்றே பெயர். முடி போன்ற கோடு என்றால் போல்ட்டுகளை முடுக்கி, பூசி, அடைத்துவிடலாம். விரிசலிலிருந்து துரு வழிந்தாலோ, கரையேற்றிப் பல நாள் ஆகியும் ஈரம் கசிந்தாலோ விஷயம் வேறு. பழைய கேட்டலினாக்களில் கீல் சேரும் அடிப்பகுதியின் உள்ளே ஒட்டுப்பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் அதற்குள் போனால் பலகை ஊறி நசுங்கும், எத்தனை முடுக்கினாலும் போல்ட் இறுகாது. உள்ளே பலகையைத் தூக்கி போல்ட் தலைகளைப் பாருங்கள். துருப்பிடித்து மெலிந்திருந்தால் சீர்செய்யும் செலவைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் விலை பேச வேண்டும்.

ஆல்பெர்க்கில் இந்தத் தலைவலி கிடையாது. நீளமான கீல் உடலோடு ஒன்றாக வார்த்தது. 3,300 பவுண்டு இரும்பு அதற்குள் அடைபட்டிருக்கிறது. போல்ட்டே இல்லை. ஆனால் எப்போதோ பாறையில் மோதி அடியில் விரிசல் விழுந்திருந்தால் தண்ணீர் இரும்பைத் தேடிப் போய்விடும். இரும்பு துருவேறினால் பருக்கும். கீலின் அடிவிளிம்பைக் கையால் தடவிப் பாருங்கள். பழைய ஒட்டு, வீக்கம், பழுப்பு நீர் இருந்தால் படகைப் பரிசோதிக்கும் சர்வேயரிடம் சுட்டிக்காட்டுங்கள்.

9. செசபீக்கின் நீல நண்டு பேர்போனது. அதைப் பிடிக்கிறவர்கள் கூண்டை அடியில் இறக்கி, கயிற்றின் மேல்முனையில் மிதவை கட்டிவிடுவார்கள். கோடையில் சில இடங்களில் மிதவைகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்துதான் போக வேண்டும். ஆல்பெர்க்கின் நீண்ட கீல் கயிற்றை வழுக்கி அனுப்பிவிடும். அதன் சுக்கான் கீலோடு ஒட்டியது. படகைத் தள்ளும் விசிறியும் இரண்டுக்கும் நடுவே குடைந்த இடத்தில் ஒளிந்திருக்கிறது. கேட்டலினாவின் சுக்கான் தனியாகத் தொங்குகிறது, விசிறி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது; கயிறு சிக்க வசதியான அமைப்பு. சிக்கினால், சொறிமீன் மொய்க்கும் ஆகஸ்டு மாதத் தண்ணீரில் கத்தியோடு குதிக்கப்போவது நீங்கள்தான்.

10. அதே அமைப்புக்கு மறுபக்கம் உண்டு. ரிவர்ஸில் ஆல்பெர்க் யார் சொல்லையும் கேட்காது. கேட்டலினா கேட்கும். உங்கள் துறையில் பின்பக்கமாக நுழைய வேண்டிய இடம் என்றால், பக்கவாட்டில் காற்றடிக்கும் ஒரு நாளில், விற்பவரையே அதைச் செய்துகாட்டச் சொல்லிப் பாருங்கள்.

11. மேல்தளத்தைத் தட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல் போதும். இல்லையென்றால் திருப்புளியின் பிடி. ஓர் அடிக்கு நான்கு தட்டு. கணீரென்று கேட்டால் நலம். மொத்தென்று கேட்டால் உள்ளே ஊறியிருக்கிறது. இரண்டு படகிலும் மேல்தளம் என்பது கண்ணாடியிழைத் தகடு இரண்டு, நடுவே ஒரு நிரப்பு. ஆல்பெர்க்கின் ஆரம்பகாலப் படகுகளில் நிரப்பு மேசனைட் என்ற அழுத்தப் பலகை. 1970 வாக்கில் பால்சா மரத்துக்கு மாறினார்கள். பழைய கேட்டலினாக்களில் ஒட்டுப்பலகைத் துண்டுகள். மூன்றில் எதற்குமே தண்ணீர் ஆகாது. திருகு இறங்கிய இடம் ஒவ்வொன்றும் தண்ணீர் புகும் வாசல்: கைப்பிடிக் கம்பிகளின் அடி, கயிறு சுற்றும் உருளைகளின் அடி, ஜன்னல் ஓரம். சாக்பீஸ் எடுத்துப்போய், மொத்தென்று கேட்ட இடத்தை வட்டமிடுங்கள். உள்ளங்கை அகலத்தில் இரண்டு மூன்று வட்டம் என்றால் பழைய படகுக்கு இயல்பு. வட்டங்கள் ஒன்றோடொன்று சேர ஆரம்பித்தால் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த படகைப் பார்க்கப் போகலாம். விற்பவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

12. பாய்மரம் இரண்டிலும் மேல்தளத்தின் மேல் நிற்கிறது. அதன் பாரம் கீழே எப்படி இறங்குகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ஆல்பெர்க்கில் கூரைக்கு அடியில் குறுக்கே ஓடும் மரச்சட்டம் அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. பழையவற்றில் அது பிளந்து தொய்ந்திருக்கும். வெளியே மரத்தின் அடியில் தளம் குழிந்திருக்கிறதா, உள்ளே முன்னறைக் கதவு மூடும்போது உரசுகிறதா என்று பாருங்கள். உலோகத் தகடு சேர்த்து வலுப்படுத்தியிருந்தால், யார் செய்தது, எப்போது என்று கேளுங்கள். அது குறையல்ல, கூடுதல் மதிப்பு.

கேட்டலினாவில் உள்ளே ஒரு தூண் நின்று பாரத்தை அடிக்கு இறக்குகிறது. பழைய படகுகளில் தூணின் காலடியில், தண்ணீர் தேங்கும் அடிக்குழிக்குள், ஒரு மரக்கட்டை. அது உளுத்தால் தூண் இறங்கும், பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகள் தளரும். நீண்ட ஆணியால் கட்டையைக் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் பேரம் பேசலாம்.

13. பாய்மரத்தை நாலாபுறமும் இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பிகளின் வயதைக் கேளுங்கள். பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்றச் சொல்லிப் பல காப்பீட்டு நிறுவனங்கள் வற்புறுத்தும். "தெரியாது" என்று பதில் வந்தால் மாற்ற வேண்டியவை என்றே எழுதிக்கொள்ளுங்கள். கம்பியைவிட ஆபத்தானவை அவற்றைப் படகோடு பிணைக்கும் பட்டைகள். துருப்பிடிக்காத எஃகு என்பார்கள். காற்றுப் படாமல் ஈரத்தில் கிடந்தால் அதுவும் உள்ளுக்குள் அரிக்கும். தளத்தைத் துளைத்துப் போகும் அந்த ஓர் அங்குலம் வெளியேயும் தெரியாது, உள்ளேயும் தெரியாது. ஒன்றையாவது கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

14. இன்ஜின். இதற்கு மட்டும் தனியாக ஒரு காலைப்பொழுது ஒதுக்குங்கள். "வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று விற்பவரிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் குளிரில் ஸ்டார்ட் ஆவதில் ஏதோ சிக்கல் என்று சந்தேகப்படலாம். ஸ்டார்ட் ஆனதும் பின்புறக் குழாயில் தண்ணீர் துப்புகிறதா என்று பாருங்கள். பிறகு புகையின் நிறம்: நீலம் என்றால் ஆயில் எரிகிறது; கறுப்பு என்றால் காற்றுப் போதவில்லை அல்லது பாரம் மிஞ்சுகிறது; வெள்ளை, சூடான பிறகும் நிற்காவிட்டால், எரியாத டீசலோ தண்ணீரோ. அதன்பின் கட்டை அவிழ்த்துத் திறந்த நீருக்குப் போய், முக்கால் வேகத்துக்கு மேல் இருபது நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். துறையில் கட்டிவைத்து உறுமவிட்டால் எதுவும் தெரியாது.

ஆல்பெர்க்குகள் பலவற்றிலும் ஆரம்பகாலக் கேட்டலினாக்களிலும் இருந்தது அட்டாமிக் 4. பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். விஸ்கான்சினில் யுனிவர்சல் நிறுவனம் 1940களின் இறுதியிலிருந்து 1980கள் வரை தயாரித்த நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். சாது, சத்தம் குறைவு, உதிரிபாகம் இன்னும் கிடைக்கிறது. குறை பெட்ரோலில் இருக்கிறது: அதன் ஆவி காற்றைவிடக் கனம், படகின் அடிக்குழியில் போய்த் தங்கும், ஒரு பொறி போதும். அதனால் ஸ்டார்ட் செய்யுமுன் இன்ஜின் அறையின் காற்று விசிறியை நான்கு நிமிடமாவது ஓடவிட்டு ஆவியை வெளியேற்ற வேண்டும். அந்த விசிறி வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். "டீசல் மாற்றிக்கொள்ளலாம்" என்று தரகர் இலேசாகச் சொல்வார். புது டீசலும் பொருத்தும் கூலியும் சேர்ந்தால் படகின் விலையையே தாண்டிவிடக்கூடும். ஏற்கனவே டீசல் வைத்த படகுக்குக் கூடுதல் விலை கேட்டால் பெரும்பாலும் கொடுக்கலாம்.

15. கேட்டலினாவில் யுனிவர்சல் டீசல் இருந்தால் இரண்டு இடம் பாருங்கள். இன்ஜினுக்கும் மீட்டர் பலகைக்கும் நடுவே போகும் வயர்க் கற்றையில் பழைய காலத்து பிளக் இணைப்புகள் இருக்கும். சூடேறி உருகிய வரலாறு அவற்றுக்கு உண்டு. மாற்றியாகிவிட்டதா என்று கேளுங்கள். அடுத்தது, சில வகைகளில் ஆல்டர்னேட்டரைத் தாங்கும் பிடி. அதுவும் உடைவதற்குப் பேர்போனது. இரண்டுக்கும் செலவு பெரிதல்ல. ஆனால் முந்தைய உரிமையாளர் படகைக் கவனித்தாரா இல்லையா என்பதை அவை சொல்லிவிடும்.

16. தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு வால்வையும் கையால் மூடித் திறந்து பாருங்கள். பழைய கேட்டலினாக்களில் வீட்டுத் தோட்டத்தில் இருப்பது போன்ற, சுற்றிச் சுற்றித் திறக்கும் பித்தளை வால்வுகள் வைத்திருந்தார்கள். மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரியாது. அவசரத்துக்குக் கைப்பிடி கையோடு வரும். கால் சுற்றில் மூடும் வெண்கல வால்வுகளாக மாற்றாத படகு என்றால் அதையும் செலவில் சேருங்கள்.

17. கழிவறைக் குழாய்க்கு ஒரு துணிச் சோதனை. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, கழிவுக் குழாயின் மேல் சுற்றிச் சற்று நேரம் விடுங்கள். ஆறியதும் எடுத்துப் படகுக்கு வெளியே வந்து துணியை முகருங்கள். நாற்றம் ஏறியிருந்தால் குழாயின் ரப்பரே ஊறிப்போயிருக்கிறது. எந்த வாசனைத் திரவியமும் உதவாது, குழாயையே மாற்ற வேண்டும்.

18. மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை போங்கள், சொல்லாமல். மெத்தைகளைத் தூக்கிப் பாருங்கள், அலமாரிகளின் உள்மூலையைத் தடவுங்கள், ஜன்னலுக்குக் கீழே மரத்தில் கறுப்புத் தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

19. சமையல், படுக்கை விஷயத்தில் கேட்டலினா எளிதாக ஜெயிக்கும். அகலம் அதற்குத்தான். நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடலாம். ஆல்பெர்க்கில் ஒருவர் எழுந்தால் இன்னொருவர் காலை மடக்க வேண்டும். ஆனால் அலையில் ஆடும்போது குறுகலான அறையே சௌகரியம். எங்கே சாய்ந்தாலும் பிடிக்க ஏதாவது இருக்கும். எல்லோரும் ஒவ்வொரு படுக்கையிலும் கால் நீட்டிப் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். அடுப்பு பழைய ஸ்பிரிட் அடுப்பா, கேஸா என்று பாருங்கள். கேஸ் என்றால் சிலிண்டர் இருக்கும் அறையின் துளை படகுக்கு வெளியே திறக்க வேண்டும், உள்ளே அல்ல. பெட்ரோல் ஆவிக்குச் சொன்னதேதான், கேஸும் அடியில் போய்த் தங்கும். நம் பிரஷர் குக்கர் படகுக்கு மிக நல்ல பாத்திரம்: மூடி பூட்டிக்கொள்வதால் அலையில் சாய்ந்தாலும் குழம்பு கொட்டாது.

20. பாய்களை விரித்துப் பாருங்கள், பையில் இருப்பதைப் பார்த்துத் தலையாட்ட வேண்டாம். புதுத் துணி மொடமொடக்கும். வெயிலில் தளர்ந்தது பழைய வேட்டியாகத் துவளும். தையல் நூலை நகத்தால் கீறினால் அறுந்து வந்தால், துணி நன்றாக இருந்தாலும் மறுதையல் வேண்டும்.

21. சர்வேயரை நீங்களே தேடி, நீங்களே காசு கொடுத்து அமர்த்துங்கள். சாம்ஸ், நாம்ஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சங்கங்கள் அங்கீகரித்தவர்களின் அறிக்கையைத்தான் காப்பீட்டு நிறுவனங்கள் வழக்கமாக ஏற்கும். விற்பவர் "மூன்று வருடம் முந்தைய அறிக்கை இருக்கிறது" என்று நீட்டினால் வாங்கிப் படியுங்கள். அதை நம்பி வாங்காதீர்கள். அதில் சுட்டிய குறைகளில் எத்தனை சரிசெய்தார் என்று பார்க்க அது உதவும். பரிசோதனையின்போது கூடவே இருங்கள். அறிக்கையில் எழுதாத பலவற்றை அவர் வாயால் சொல்வார். இரண்டு படகுக்கும் முழுப் பரிசோதனை வேண்டியதில்லை. மேலே சொன்னவற்றை நீங்களே பார்த்து ஒன்றைத் தள்ளிவிட்டு, மிஞ்சியதற்கு மட்டும் செய்யுங்கள்.

22. காகிதம். அமெரிக்கச் சட்டப்படி 1972 நவம்பருக்குப் பிறகு கட்டிய படகுகளுக்கு உடலில் 12 எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளக் குறி இருக்க வேண்டும். பின்புறத்தின் வலது மேல்மூலையில் தேடுங்கள். உரிமைப் பத்திரத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். அதற்கு முந்தைய ஆல்பெர்க்கில் இல்லாவிட்டால் திகைக்க வேண்டாம். படகு மாநிலப் பதிவில் இருக்கலாம், அல்லது கடலோரக் காவல்படையின் தேசியப் பதிவில் இருக்கலாம்; 5 நிகர டன்னும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்கு இரண்டாவது கிடைக்கும். அந்த டன் எடையல்ல, கொள்ளளவுக் கணக்கு. தேசியப் பதிவில் உள்ள படகென்றால் அதன் மீதான கடன், அடமானம் எல்லாவற்றையும் காட்டும் நகலைக் கட்டணம் கட்டி வாங்கலாம். நிலம் வாங்குமுன் வில்லங்கச் சான்று பார்ப்பது போலத்தான். மேரிலாந்தில் வாங்கினால் விலையில் 5 சதவீதம் வரி உண்டு என்பதையும் பட்ஜெட்டில் எழுதுங்கள்.

23. இனி இரண்டு பத்தி போட்டுக் கணக்கு எழுதுங்கள். முதல் வரி, கேட்கும் விலை. அதன்கீழ், தண்ணீரில் இறக்குமுன் செய்தே ஆக வேண்டியவை: வால்வு, கம்பி, பட்டை, குழாய், ஊறிய மேல்தளம். அதன்கீழ், இரண்டு வருடத்துக்குள் செய்ய வேண்டியவை: பாய், பேட்டரி, அடிப்பெயின்ட். விலை மலிவான படகு கூட்டலில் மேலே போய் நிற்பதைப் பலமுறை பார்க்கலாம். ரசீதுகளை ஒரு கோப்பில் தேதிவாரியாக வைத்திருக்கும் கிழவரின் படகு, எந்த மாடலாக இருந்தாலும், பக்கத்துப் படகைவிட ஆயிரக்கணக்கான டாலர் கூடுதலாகப் பெறும்.

24. 1980களின் தொடக்கத்தில் கியூபெக்கைச் சேர்ந்த ஈவ் ஜெலினா ஓர் ஆல்பெர்க் 30இல் தனியாகக் கேப் ஹார்ன் வழியே உலகைச் சுற்றினார். ஆல்பெர்க் விற்பவர் இந்தக் கதையைச் சொல்லாமல் உங்களை அனுப்ப மாட்டார். அந்தப் படகைக் கிளம்புமுன் ஜெலினா வெகுவாக மாற்றிக் கட்டியிருந்தார் என்பதையும், அப்படியிருந்தும் பசிபிக்கில் பாய்மரம் முறிந்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கேட்டலினா விற்பவர் 6,000 பேர் தவறாக வாங்கியிருக்க முடியுமா என்பார். அந்தக் கேள்விக்கும் உங்கள் படகின் மேல்தளத்துக்கும் சம்பந்தமில்லை.

25. விலை பேசச் சிறந்த காலம் செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை. குளிர்காலத்துக்குக் கரையேற்றி நிறுத்தும் செலவு விற்பவரின் கண்முன் நிற்கும். டிசம்பருக்குப் பின் போனால் இன்ஜினில் உறைவதைத் தடுக்கும் இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றி மூடியிருப்பார்கள், வெள்ளோட்டம் நடக்காது. அப்போதும் வாங்கத்தான் வேண்டும் என்றால், பணத்தில் ஒரு பகுதியை வசந்தகால வெள்ளோட்டம் முடியும்வரை தரகரின் கணக்கில் நிறுத்திவைக்க ஒப்பந்தத்தில் எழுதுங்கள். முன்பணம் வழக்கமாக 10 சதவீதம். பரிசோதனையும் வெள்ளோட்டமும் திருப்தியாக இல்லாவிட்டால் அது முழுதாகத் திரும்பும் என்ற வரி இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

26. படகோடு வருபவற்றை ஒப்பந்தத்திலேயே பட்டியல் போடுங்கள்: பாய்கள் எத்தனை, எவை, நங்கூரம் இரண்டா, ஒன்றா, சங்கிலி எத்தனை அடி, சிறு துடுப்புப் படகு, ரேடியோ, உயிர்காப்பு அங்கிகள், அடுப்பு, உருளைகளைச் சுற்றும் கைப்பிடிகள். ஒவ்வொன்றையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். பார்க்கப் போன நாளில் இருந்த நல்ல நங்கூரம் சாவி வாங்கும் நாளில் இல்லாமல் போவது இந்த வியாபாரத்தில் புதிதல்ல. காப்பீடு, பணம் கை மாறும் அதே நிமிடத்திலிருந்து உங்கள் பெயரில் இருக்க வேண்டும்; அன்று இரவே பம்ப் நின்று படகு துறையில் உட்கார்ந்துவிட்டால் அது உங்கள் படகு.